புக்கம்

மௌல்மீனிலிருந்து ரயில், பஸ், மறுபடி பஸ்.
பகானில் இறங்கியபோது
என் கண்ணாடி வளையலில் பாதி
எந்த இருக்கையின் இடுக்கிலோ போயிருந்தது.

விடுதிப் புத்தகத்தில்
நீ கோ மின் தூ என்று எழுதினாய்.
நான் மா சூ ஹ்லைங்.
திருமணப் பதிவேட்டிலும்
அவர்கள்தான் கட்டிக்கொண்டார்கள்.
மாயழகுவும் தெய்வானையும்
படியேறி, அறைக்குள் வந்தபிறகே
ஒருவரையொருவர் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

காலையில் வாடகைக்கு மின்சார பைக்.
ஓட்டத் தெரியும் என்றாய்.
மூன்றாம் வளைவில் மணலில் விழுந்தோம்,
ஓர் ஆட்டு மந்தைக்கும்
பேரில்லாத, எண் மட்டும் போட்ட கோயிலுக்கும் நடுவே.
"ஓட்டத் தெரியும், நிறுத்தத்தான்..."
நான் சிரித்த சிரிப்பில்
மேய்வதை விட்டு ஆடுகள் என்னைப் பார்த்தன.

சாவடிக் காவலர்
நம் நிறத்தைப் பார்த்து
வெளிநாட்டார் சீட்டு எங்கே என்றார்.
நீ பதில் சொன்னாய், நம் ஊர்ப் பர்மியத்தில்,
கடைசிச் சொல்லை இழுத்து.
சிரித்துவிட்டு விட்டுவிட்டார்.
நமக்குக் காது சிவந்தால் தெரியாது.
பின்னால் உட்கார்ந்து தொட்டுப் பார்த்தேன்,
வெகுதூரம் சூடாகவே இருந்தது.

தம்மயங்கிக் கோயிலில்
செங்கல்லுக்கும் செங்கல்லுக்கும் நடுவே
ஊசிகூட நுழையாதாம்.
சேலைக்கு இருந்த ஒரே பின்னை வாங்கிக் குத்திப் பார்த்தாய்.
நுழையவில்லை.
பின் வளைந்தது.
மிச்ச நாளெல்லாம்
முந்தானையைக் கையில் பிடித்தபடி நான்,
என் செருப்பைக் கையில் பிடித்தபடி நீ.

மேற்கு மாடத்தில் இரண்டு புத்தர்கள்
தோளோடு தோளாக.
ஒருவர் வந்து போனவர்,
மற்றவர் இனிமேல் வருகிறவர் என்றார்கள்.
வௌவால் நாற்றத்துக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு
நாமும் அப்படியே நின்றோம்.
"இதில் நீ யார்?"
"நான் வந்துவிட்டேனே" என்றேன்.

அப்புறம் அந்த மியூசியம். வெயிலுக்குத்தான் நுழைந்தோம்.
ஒரு கல்லின் முன்னால்
நீ சட்டென்று நின்றாய்.
தமிழ்.
எனக்குத் தமிழ் வாயில் மட்டும்.
நீ ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில்
இரண்டாம் புத்தகம் வரை.
எழுத்துகள் வேறு முகம் காட்டின, திணறினாய்.
பக்கத்து அட்டையின் பர்மியத்தைப் படித்து
உனக்குத் தமிழில் சொன்னேன்:
கடல் கடந்து வந்த ஒரு வியாபாரி
இங்கே பெருமாள் கோயிலுக்கு
மண்டபம் கட்டி, கதவு போட்டு,
அணையாமல் எரிய
ஒரு விளக்கும் வைத்தான்.
பெண்டாட்டியைக் கூட்டிவந்தானா?
அட்டையில் இல்லை.

"கல்லில் இந்த ஊருக்குப் பேர் புக்கம்" என்றாய்.
புக்ககமா?
புறப்படும்போது அத்தை காதில் ஓதிய சொல்லாயிற்றே,
புக்ககத்தில் குரலை உயர்த்தாதே என்று.
"இல்லை, புக்கம். ஓர் எழுத்துக் குறைகிறது."
குறைந்தால் என்ன,
எண்ணூறு வருஷக் கல்,
ஓர் எழுத்து உதிராதா
என்று குரலை உயர்த்தியே கேட்டேன்.
காவல்காரப் பெண் திரும்பிப் பார்த்தாள்.

கோபுரங்களில் ஏறத் தடை.
சூரியன் விழுவதை
ஐராவதிக் கரையில், வேர்க்கடலைச் செடிகளுக்கு நடுவே
பாதிதான் பார்த்தோம்.
மீதியைப் படகொன்று மறைத்துவிட்டது.

ராத்திரி கரண்டு போயிற்று.
உன் போனின் வெளிச்சத்தைத்
தண்ணீர் டம்ளருக்குப் பின்னால் நிறுத்தினாய்.
சுவரெல்லாம் அலையடித்தது.
பதினோரு சதவீதம்தான் மிச்சம்.
மோல்மீன் அறையை நினைத்துக்கொண்டேன்:
மழை நுழைகிற கதவு,
நாம் இன்னும் வாங்காத பாய்.
மண்டபத்துக்கு வழியே இல்லை.

"விளக்கு ஆச்சு" என்றாய்.
கொஞ்ச நேரம் கழித்து
"கதவு" என்று
தாழ்ப்பாள் போட எழுந்து போனாய்.